மகளின் காலுக்கு உறுத்தாத காலுறை

பள்ளி வேன் மாலை நாலரை மணிக்கு எங்கள் தெருமுனையில் வந்து நிற்கும். இறங்கி வரும் மகள் வீட்டுக்குள் நுழையுமுன், பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல், வாசற்படியிலேயே உட்கார்ந்து ஷூவையும் காலுறையையும் இழுத்துக் கழற்றுவாள். பிறகு எழுந்து நின்று, தேங்காய் நார் மிதியடியில் இரண்டு பாதங்களையும் மாற்றி மாற்றித் தேய்ப்பாள். அந்தச் சரசரப்பு அடுக்களை வரை கேட்கும். தொடக்கத்தில் சில வாரங்கள் அதைக் குழந்தையின் பழக்கம் என்றெண்ணி விட்டுவிட்டோம். ஒருநாள் மிதியடியின் நார் முனைகளில் இரத்தம் காய்ந்து ஒட்டியிருந்ததை என் மனைவி காட்டியபோதுதான், அது பழக்கமன்று, பொறுக்க முடியாத நமைச்சல் என்பது எனக்கு உறைத்தது.

அன்றிரவு அவள் உறங்கிய பிறகு, டார்ச் வெளிச்சத்தில் இரண்டு கால்களையும் நிதானமாகப் பார்த்தேன். கெண்டைக்காலில், காலுறையின் மேல்விளிம்பு நிற்கும் இடத்தில், கயிற்றைக் கட்டி அவிழ்த்ததுபோலச் சிவந்த வளையம் ஒன்று இருந்தது. பாதத்தின் மேற்புறத்தில், விரல்கள் தொடங்கும் இடத்தில், சுண்டுவிரலிலிருந்து கட்டைவிரல் வரை குறுக்கே ஒரு கோடு தடித்திருந்தது. உள்ளங்காலின் முன்பகுதி மட்டும் மெழுகு பூசியதுபோல் பளபளத்து, அதில் மெல்லிய வெடிப்புகள் விட்டிருந்தன. குதிகாலுக்கும் பாதத்தின் உள்வளைவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்த மூன்று இடங்களும் மூன்று வேறு காரணங்களைச் சொல்லிக்கொண்டிருந்தன என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதைப் புரிந்துகொள்ள ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆயிற்று. அந்தக் காலத்தை வேறு எந்தக் குழந்தையும் அரித்துக்கொண்டே கழிக்க வேண்டியதில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அவளுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே கரப்பான் என்னும் தோல்நோய் உண்டு. முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் பனிக்காலத்தில் வந்து, சித்திரையில் சற்றுத் தணியும். மருத்துவர்கள் அடோபிக் டெர்மடைடிஸ் என்று எழுதுவார்கள். இத்தகைய தோலின் மேலடுக்கு, ஈரத்தை உள்ளே காத்து வெளிப்பொருளை வெளியே நிறுத்தும் வேலையைச் சரிவரச் செய்வதில்லை. அந்த அடுக்கைக் கட்டமைக்கும் ஃபிலாக்ரின் என்னும் புரதத்துக்கான மரபணுவில் ஏற்படும் குறைபாடு சிலருக்கு இதன் அடிப்படையாக இருப்பதை, 2006-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். நமக்கு உறைக்காத ஒரு நூல் முனையும், நாம் உணராத ஒரு துளி சோப்பும் அந்தத் தோலுக்குப் பெரிய விஷயம். ஆகவே “எல்லாக் குழந்தையும் இதே சாக்ஸைத்தானே போடுகிறது” என்ற சொல்லை நான் இப்போது ஏற்பதில்லை. அந்தக் கேள்வியைப் பள்ளியிலும் உறவினர் வீடுகளிலும் பலமுறை கேட்டு, முதலில் நானும் அதை நம்பிக் குழந்தையை அதட்டியிருக்கிறேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

காலுறையை மாற்றிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதும், உறையின் மேல் எழுதியிருந்ததை நம்பி வாங்கத் தொடங்கினேன். முதலில் வாங்கியது “மூங்கில்” காலுறை. தொட்டால் பட்டுப்போல் வழுக்கியது. பிறகுதான் தெரிந்தது, சந்தையில் மூங்கில் என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி மூங்கிலின் கூழை இரசாயனத்தில் கரைத்து இழையாக இழுத்த விஸ்கோஸ்தான் என்பது. அது கெட்ட துணி அன்று. ஆனால் அதிலிருந்த மென்மை மூங்கிலிலிருந்து வந்ததன்று. அடுத்து, சிவந்த இடத்துக்குப் பூச மருந்துக் கடை ஒன்றில் களிம்பு கேட்டேன். ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கிருமிக்கொல்லியும் கலந்த ஒரு குழாயை எடுத்துக் கொடுத்தார்கள். மூன்று நாள் அற்புதமாக இருந்தது; நிறுத்தியதும் முன்னிலும் மோசமாகத் திரும்பி வந்தது. நம் நாட்டில் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாகப் படர்தாமரை அடங்காமல் பரவுவதற்கு இவ்வகைக் கலப்புக் களிம்புகளும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் தொடர்ந்து எச்சரிக்கிறார்கள். காலில் அரிப்பென்றால் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவரின் அறைதான், மருந்துக் கடையின் மேசையன்று.

நாங்கள் கடைசியில் போய்ச் சேர்ந்த தோல் மருத்துவர், காலை உடனே பார்க்கவில்லை. மருந்துச் சீட்டின் பின்புறத்தில் பேனாவால் ஒரு பாதத்தை வரைந்து, அதன் அருகில் கெண்டைக்காலையும் வரைந்து, மகளிடம் கொடுத்தார். “எங்கெங்கே அரிக்குதோ அங்கெல்லாம் புள்ளி வை கண்ணு” என்றார். அவள் நாவைக் கடித்துக்கொண்டு புள்ளிகள் வைத்தாள். நான் டார்ச் வெளிச்சத்தில் பார்த்த அதே மூன்று இடங்களில்தான் புள்ளிகள் விழுந்தன. விரல் இடுக்குகளில் ஒன்றுகூட இல்லை.

அந்தப் படத்தை வைத்து அவர் சொன்னதுதான் எனக்கு இந்த விஷயத்தின் திறவுகோல். விரல் இடுக்கில், அதுவும் நான்காம் ஐந்தாம் விரல்களுக்கு நடுவில், வெளுத்து ஊறி அரித்தால் அது பெரும்பாலும் சேற்றுப்புண். தோலைச் சுரண்டி எடுத்து நுண்நோக்கியில் பார்த்துப் பூஞ்சை மருந்து தர வேண்டும், காலுறையை மாற்றினால் மட்டும் போகாது. உள்ளங்காலின் முன்பகுதி மட்டும் பளபளத்து வெடித்து, இடுக்குகள் சுத்தமாக இருந்தால், அது கரப்பான் உடம்புள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி வயதில் வருகிற வேறொன்று: காற்றுப் புகாத ஷூவுக்குள் பாதம் வியர்வையில் ஊறி, உராய்ந்து, வீட்டுக்கு வந்து கழற்றியதும் சடாரென்று உலர்வதால் வருவது. மேல்விளிம்பில் வளையமாக வந்தால் எலாஸ்டிக்கின் இறுக்கத்தையோ ரப்பரையோ சந்தேகிக்க வேண்டும். விரல்களுக்கு மேலே கோடாக வந்தால் தையலைப் பார்க்க வேண்டும். பாதத்தின் மேற்புறம் முழுவதும் திட்டாகப் பரவினால் காலுறையை விட்டுவிட்டு ஷூவின் தோலைப் பார்க்க வேண்டும். “சாக்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி கால்ல எந்த இடம்னு பாருங்க” என்றார். நான் அதுவரை துணியின் பெயரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து பள்ளிக் காலுறையை உட்புறம் வெளியாகத் திருப்பிப் போட்டு மேசைமேல் விரித்தேன். வெளியில் பார்த்தால் கருநீலத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகளும் பள்ளியின் முத்திரையும் உள்ள ஒழுங்கான காலுறை. உள்ளே வேறொரு உலகம். முத்திரை இருந்த இடத்துக்குப் பின்னால் வெள்ளை நைலான் நூல்கள் வலைபோல் தொங்கின. வெளியில் தேவைப்படாத இடங்களில் அந்த நூலைப் பின்னாமல் உட்புறமாகவே இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். என் சுண்டுவிரலைவிட்டுப் பார்த்தபோது நகம் சிக்கிக்கொண்டது. விரல் பகுதியில் தையல் ஒரு வரப்பைப்போல் மேடாக நின்றது; அதன் இரு முனைகளிலும் வெட்டிவிடப்பட்ட நூல் விறைப்பாக நீட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தையலைக் கண்ணை மூடிக்கொண்டு என் மேலுதட்டில் இழுத்துப் பார்த்தேன். ஒரே இழுப்பில் உறுத்தியது. அன்று முதல் எந்தக் காலுறையையும் கையால் தடவிப் பார்ப்பதில்லை. உழைத்துக் காய்த்த விரல் நுனிக்குத் தெரியாதது உதட்டுக்கும் மணிக்கட்டின் உட்புறத்துக்கும் தெரிந்துவிடும்.

மறுநாள் அதே காலுறையை உட்புறம் வெளியாகவே அணிவித்து அனுப்பினேன். முத்திரை இடம்வலம் மாறி மங்கித் தெரிந்தது. மாலையில் அவள் படியில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றினாள், மிதியடிக்குப் போனாள், ஆனால் நான்கைந்து முறை தேய்த்ததும் நிறுத்திவிட்டாள். விலை ஒன்றும் இல்லாத அந்த ஒரு மாற்றத்தை, இதைப் படிக்கும் பெற்றோர் நாளையே செய்து பார்க்கலாம்.

நாங்கள் கோவையில் இருப்பதால் திருப்பூர் ஒரு மணி நேரத் தொலைவுதான். என் மைத்துனரின் நண்பர் ஒருவர் அவிநாசி சாலையிலிருந்து உள்ளே தள்ளிச் சிறிய காலுறைப் பின்னல் கூடம் நடத்துகிறார். ஒரு சனிக்கிழமை மகளையும் அழைத்துக்கொண்டு போனோம். சுமார் நான்கு அங்குல விட்டமுள்ள உருளையைச் சுற்றி ஊசிகள் நிற்க, மேலிருந்து நூல் இறங்க, குழாய்போல் காலுறை பின்னப்பட்டு இறங்குவதை அவள் இமைக்காமல் பார்த்தாள். ஒரு இயந்திரத்தில் 144 ஊசிகள், இன்னொன்றில் 168. ஊசி கூடக் கூடப் பின்னல் நெருக்கமாகவும் மெல்லியதாகவும் வரும். ஒவ்வொரு கண்ணியின், அதாவது பின்னலின் ஒவ்வொரு நூல் வளையத்தின், மேடும் தாழும். நான் அங்கே கேட்ட முதல் கேள்வி, நூறு சதவீதம் பருத்தியில் காலுறை கிடைக்குமா என்பது. அவர் சிரித்தார். “சுத்தப் பருத்தியில போட்டா ரெண்டு துவைப்புல கோணி மாதிரி தொங்கிப் போயிருமுங்க. காலைப் பிடிக்கறதுக்கு நைலானும், இழுத்தா நீளற ஸ்பாண்டெக்ஸ் நூலும் கொஞ்சமாவது வேணுமுங்க. எவ்வளவு போடறோம், எந்தப் பக்கம் போடறோம்கறதுதான் விஷயமுங்க.”

எந்தப் பக்கம் என்ற அந்தச் சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். சாதாரணக் காலுறைகள் பலவற்றில் இரண்டு நூல்களை ஒரே ஊசிக்குச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். பார்வைக்கு அழகாக வேண்டும் என்பதால் பருத்தி வெளிமுகத்திலும், இழுவைக்கான நைலான் உள்முகத்திலும் விழும்படி நூல்கள் அமைகின்றன. அதாவது, உறையில் எண்பது சதவீதம் பருத்தி என்று எழுதியிருந்தாலும் தோலைத் தொட்டுக்கொண்டிருப்பது மீதி இருபதாக இருக்கக்கூடும். காலுறையை மறுபுறம் திருப்பி அணிந்தபோது என் மகளுக்குத் தையல் மட்டுமன்று, நூலும் இடம் மாறியிருக்கிறது. டெர்ரி என்று சொல்லப்படும், துண்டுபோல் உட்புறத்தில் சிறு வளையங்கள் விட்டுப் பின்னும் முறையில் அந்த வளையங்கள் பருத்தியாகவே இருப்பதால், உள்ளங்கால் பகுதிக்கு மட்டும் மெல்லிய டெர்ரி போட்ட காலுறை அவளுக்கு நன்றாகப் பொருந்தியது.

விரல் பகுதியை மூடும் இடத்தில் இன்னும் அதிக நேரம் நின்றேன். குழாயாகப் பின்னி இறங்கும் காலுறையின் முனை திறந்தே இருக்கும். அதைத் தைத்து மூடும் வழக்கமான முறையில் இரண்டு விளிம்புகளையும் சேர்த்து வெட்டித் தைப்பதால்தான் அந்த வரப்பு உண்டாகிறது. லிங்கிங் என்னும் முறையில், வட்டத் தட்டொன்றில் நிற்கும் முட்களில் ஒவ்வொரு கண்ணியாகக் கோத்து, எதிர்ப்பக்கக் கண்ணியோடு சேர்த்துப் பின்னுகிறார்கள். அந்தக் கூடத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி அதைச் செய்துகொண்டிருந்தார். நூலிழை அளவுள்ள கண்ணிகளை, கண்ணுக்கருகில் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு, ஒன்றுகூடத் தவறாமல் முள்ளில் ஏற்றினார். ஒரு கண்ணி தவறினால் ஓட்டை விழும். முடித்த காலுறையைத் திருப்பி மகளின் கையில் கொடுத்து, “தையல் எங்க இருக்குன்னு கண்டுபிடி சாமி” என்றார். அவள் விரலால் தேடிக் கிடைக்காமல் உதட்டில் வைத்துப் பார்த்தாள். நான் செய்வதைக் கவனித்திருக்கிறாள். அதிலும் கிடைக்கவில்லை. எங்களுக்குத் தேவையானது அதுதான் என்று அங்கேயே முடிவாயிற்று. விலை வழக்கமான பள்ளிக் காலுறையைப்போல் இரண்டரை மடங்கு ஆயிற்று. அந்த வேலைக்கு அது அதிகமில்லை.

துணியைப் பற்றி இப்போது எனக்கு ஓரளவு தெளிவான கருத்து உண்டு. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கும் நிலையில், ஒவ்வொரு இழையும் தன் எடையில் எவ்வளவு ஈரத்தை உள்ளே ஏற்கிறது என்பதை நெசவுத் தொழிலில் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். கம்பளி சுமார் 16 சதவீதம், விஸ்கோஸ் 13, பட்டு 11, பருத்தி எட்டரை, நைலான் நான்கு, பாலியெஸ்டர் வெறும் 0.4. பாலியெஸ்டர் வியர்வையை உள்ளே வாங்காது. நன்றாகப் பின்னினால் வெளியே கடத்திவிடும், மோசமாகப் பின்னினால் தோல்மேலேயே நிறுத்தும். பருத்தி வாங்கிக்கொள்ளும், ஆனால் நனைந்துவிட்டால் எளிதில் உலராது. நம் உடம்பிலேயே வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் உள்ளங்காலும் ஒன்று. கோவையில் ஏப்ரல் மாதத்தில், பி.வி.சி. பிளாஸ்டிக் ஷூவுக்குள், காலை எட்டு மணி முதல் மாலை நாலரை வரை ஒரே காலுறை என்றால், அது எந்த இழையானாலும் தோற்றுத்தான் போகும். ஆகவே மதிய உணவு இடைவேளையில் மாற்றிக்கொள்ள இன்னொரு ஜோடியைச் சிறு துணிப்பையில் போட்டுக் கொடுத்தனுப்புகிறோம். உள்ளங்கால் வெடிப்புகள் ஆறியதற்கு இந்த மாற்றமே முதற்காரணம் என்று நம்புகிறேன். இரண்டு ஜோடி ஷூ வாங்கி, ஒன்றை ஒருநாள் முழுவதும் உலரவிட்டு மறுநாள் மற்றதைப் போடுவதும் உதவியது.

கம்பளியை முழுமையாக ஒதுக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கம்பளி குத்துவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒவ்வாமையன்று, இழையின் பருமன். சுமார் 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழைகளின் முனை வளையாமல் தோலைக் குத்தும். 18 மைக்ரானுக்குக் குறைந்த, மெரினோ வகை ஆட்டின் கம்பளி இழை குத்தாமல் வளைந்துகொடுக்கும். 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், மெல்போர்னில் கரப்பான் உள்ள மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மிக மெல்லிய மெரினோ ஆடை அணிவித்துப் பார்த்தபோது, பருத்தி ஆடையைவிடத் தோல் தேறியதாகவே கண்டார்கள். உதகையில் வசிக்கிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம். எங்கள் ஊர் வெயிலுக்கு நாங்கள் அதைத் தொடரவில்லை. பட்டைப் பற்றி ஒரு வார்த்தை: கரப்பானுக்கென்று தனியாக விற்கும் பட்டு உள்ளாடைகளை இங்கிலாந்தில் 300 குழந்தைகளிடம் சோதித்து, வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதல் பயன் இல்லை என்று அதே 2017-இல் அறிவித்தார்கள். பட்டுக் காலுறைக்கு நான் பணம் செலவிட இருந்தேன். அதைப் படித்த பிறகு விட்டுவிட்டேன்.

கெண்டைக்கால் வளையம்தான் கடைசிவரை அடம்பிடித்தது. மேல்விளிம்பில் செருகும் எலாஸ்டிக் நூலின் நடுவில் ரப்பர் இருக்கலாம், ஸ்பாண்டெக்ஸ் இருக்கலாம். மேலே நைலான் சுற்றியிருப்பதால் பார்த்துத் தெரியாது. ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் தையுராம் போன்ற இரசாயனங்கள் சிலருக்கு ஒவ்வாமை தரும். நாள்பட்ட நூலில் மேற்சுற்று தேய்ந்து ரப்பர் வெளிப்பட்டால் இன்னும் மோசம். என் மகளுக்குக் காரணம் ரப்பரா, வெறும் இறுக்கமா என்று அறிய ஒரு எளிய வழியைக் கையாண்டோம். இரண்டு வாரம், இடது காலில் மட்டும் ரப்பர் நூல் இல்லாமல் பின்னலின் வரிகளே பிடித்துக்கொள்ளும்படி செய்த காலுறை. வலது காலில் பழையது. இரண்டும் ஒரே கருநீலம் என்பதால் வெளியில் வித்தியாசம் தெரியவில்லை. பத்தாம் நாள் இடது காலில் சிவப்பு மறைந்துவிட்டது, வலது காலில் வளையம் அப்படியே இருந்தது. அதன்பின் வலது காலில் பழைய காலுறையையே, மேல்விளிம்பை மடிக்காமல் தளரவிட்டு அணிவித்தோம், அங்கும் குறைந்தது. இறுக்கமும் அதனடியில் தேங்கிய வியர்வையும்தான் காரணம் என்று மருத்துவரும் ஒப்புக்கொண்டார். எந்தப் புதுக் காலுறையையும் ஒரு காலில் மட்டும் போட்டு மறு காலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதைவிட நல்ல சோதனையை நான் இதுவரை கண்டதில்லை. இரண்டு கால்களும் ஒரே வெயிலில், ஒரே வகுப்பறையில், ஒரே உடம்பில்தானே இருக்கின்றன.

சாயத்தைப் பற்றிய எச்சரிக்கை செயற்கை இழைக்கே அதிகம் பொருந்தும். பாலியெஸ்டருக்கும் சில சமயம் நைலானுக்கும் போடும் டிஸ்பர்ஸ் வகைச் சாயங்கள் இழையோடு வேதிப்பிணைப்புக் கொள்வதில்லை. அவற்றில் சில, முக்கியமாக அடர்நீலங்களில் சில, தோல் ஒவ்வாமைக்குப் பெயர்போனவை. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் இழையோடு பிணைந்துவிடும், ஆனால் பிணையாமல் எஞ்சியதைச் சாயப்பட்டறையில் நன்றாக அலசியிருக்க வேண்டும். புதுக் காலுறையை வாங்கியதும் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து இருபது முறை அழுத்தித் தேய்ப்பேன். கைக்குட்டையில் நீலம் ஏறினால் அந்தக் காலுறை அலமாரிக்குள் போகாது. ஓகோ-டெக்ஸ் 100 என்ற சான்று இருந்தால் தீங்கான இரசாயனங்களைச் சோதித்திருக்கிறார்கள் என்று பொருள், அது நல்லதுதான். ஆனால் அந்தச் சான்று தையலின் மேட்டையோ எலாஸ்டிக்கின் இறுக்கத்தையோ பற்றி எதுவும் சொல்வதில்லை.

இடையில் என் காலும் இந்தக் கதைக்குள் வந்தது. மகளுக்காக வாங்கிய அறிவை நம்பி, அலுவலகத்துக்கு நானும் தையலில்லாத காலுறைக்கு மாறினேன். ஆனால் பாதத்தின் மேற்புறத்தில் பல ஆண்டுகளாக இருந்த கருத்த, தடித்த திட்டு சிறிதும் மாறவில்லை. மருத்துவரின் படத்தில் அது ஷூவுக்குரிய இடம். எந்தப் பொருள் எனக்கு ஒவ்வாது என்று அறிய, முதுகில் வரிசையாகச் சோதனைப் பட்டைகள் ஒட்டி, 48 மணி நேரம் முதுகை நனைக்காமல் இருந்து, எடுத்தபின் ஒருமுறையும் 96-ஆம் மணி நேரத்தில் மறுமுறையும் பார்த்தார்கள். பொட்டாசியம் டைகுரோமேட் என்னும் குரோமிய உப்பு வைத்த இடம் மட்டும் சிவந்து பொரிந்திருந்தது. குரோமிய உப்பால் பதனிட்ட தோலில் செய்த ஷூவில் வியர்வை இறங்கும்போது குரோமியம் கசிந்து, காலுறையை ஊடுருவி, தோலைச் சேர்கிறது. எவ்வளவு நல்ல காலுறையும் அதைத் தடுக்காது. அதைவிட, அந்த ஷூவோடு பல மாதம் இருந்த பழைய காலுறைகளிலும் அப்பொருள் தங்கியிருக்கலாம் என்பதால் அவற்றையும் கழித்துவிடச் சொன்னார்கள். நம் ஊரில் ஒருகாலத்தில் ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்டார்கள். திண்டுக்கல், ஈரோடு பக்கங்களில் தாவரப் பட்டைகளால் பதனிடும் முறை இன்றும் உண்டு. அத்தகைய தோலில் உட்புறம் தைத்த ஷூவைத் தேடிப் பிடித்து அணிந்த பிறகுதான் என் திட்டு கரையத் தொடங்கியது. இவ்வளவு காலம் நான் காலுறைகளைக் குறைகூறிக்கொண்டிருந்தேன்.

துவைப்பதில் நாங்கள் செய்த மாற்றங்கள் சிறியவை. எங்கள் வீட்டில் சிறுவாணித் தண்ணீர் சில நாள்தான் வரும், மற்ற நாள்களில் ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீரில் அலசிய காலுறை காய்ந்தபின் அப்பளம்போல் விறைத்து நிற்கும். ஆகவே காலுறைகளுக்கு மட்டும் சிறுவாணித் தண்ணீரைப் பிடித்து வைத்து, உட்புறம் வெளியாகத் திருப்பி, வாசனையில்லாத திரவச் சோப்பைச் சிறிதளவே விட்டு, மூன்றுமுறை அலசுகிறோம். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவத்தை அடியோடு நிறுத்திவிட்டோம். அதிலுள்ள வாசனைப் பொருள்கள் இந்தத் தோலுக்கு ஆகாது. புதுக் காலுறையை இரண்டுமுறை துவைக்காமல் அணிவதில்லை. காலையில் குளித்து, பாதத்தை ஒற்றியெடுத்து, ஈரம் முழுதும் போகுமுன் வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிய பூச்சாகத் தடவி, பத்து நிமிடம் கழித்தே காலுறை. மாலையில் ஷூவைக் கழற்றியதும் மறுபடி அதேபோல். வெடிப்பு விடுவது அந்த உலரும் நேரத்தில்தான்.

பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினேன், மருத்துவரின் சீட்டையும் இணைத்தேன். கோடும் முத்திரையும் இல்லாத வெறும் கருநீலக் காலுறைக்கு அனுமதி கேட்டிருந்தேன். தலைமையாசிரியை என்னை வரவழைத்தார். நான் பழைய காலுறையையும் புதியதையும் உட்புறம் வெளியாக்கி அவர் மேசைமேல் வைத்தேன். அவர் பழையதற்குள் கையை விட்டு, முத்திரைக்குப் பின்னாலிருந்த நூல் வலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது உள்ள இப்படி இருக்கும்னு நான் பார்த்ததே இல்லைங்க” என்றார். அனுமதி அங்கேயே கிடைத்தது. மதியம் காலுறை மாற்றிக்கொள்ள வகுப்பாசிரியை ஐந்து நிமிடம் கொடுக்கிறார். அதன்பிறகு அதே பள்ளியிலிருந்து மூன்று குழந்தைகளின் பெற்றோர் என்னிடம் திருப்பூர்க் கூடத்தின் முகவரியை வாங்கிப் போனார்கள்.

கரப்பான் போய்விடவில்லை. மார்கழியில் முழங்கை மடிப்பில் வந்தது, மருத்துவர் தந்த களிம்பைச் சொன்ன அளவில் சொன்ன நாள்கள் பூசினோம், தணிந்தது. கால்களில் இப்போது எட்டு மாதமாக வளையமும் இல்லை, கோடும் இல்லை. போன வெள்ளிக்கிழமை மாலை அவள் வேனிலிருந்து இறங்கி, ஷூவை மட்டும் கழற்றி வைத்துவிட்டு, காலுறையோடே உள்ளே வந்து, மேசையில் உட்கார்ந்து கணக்குப் பாடம் போடத் தொடங்கிவிட்டாள். ஒரு மணி நேரம் கழித்து நான்தான் போய்க் கழற்றச் சொன்னேன்.

நேற்று அவளைச் செய்தித்தாள்மேல் நிற்கவைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்தேன். போன ஆண்டு வரைந்ததைவிட ஒரு விரற்கடை வளர்ந்திருக்கிறாள். விரல் முனையில் துணி இறுகினால் லிங்கிங் போட்ட காலுறையும் உறுத்தும், தளர்ந்தால் மடிந்து உறுத்தும். ஆகவே பள்ளி திறக்குமுன், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மே மாதத்தில் மறுபடி திருப்பூர் போக வேண்டும். அங்கே கண்ணி கோத்த அந்த அம்மாவுக்குக் கொடுக்க மகளே ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறாள்.